அந்நேரம் மூணாற்றில் என்ன நடந்தது

அவரிடம் எதையும் முழுசாகச் சொல்லி முடிக்க முடியாது. வாளையாறு செக்போஸ்ட் பக்கம் பஸ் குலுங்கி நின்றபோது நான் படிக்கட்டிலிருந்து உருண்டு, முழங்கையைச் சிராய்த்துக்கொண்டு, இடது செருப்பைப் பறிகொடுத்த வீர வரலாற்றை ஒருநாள் கல்லூரி கேன்டீனில் சொல்லிக்கொண்டிருந்தேன். சுற்றியிருந்த பிள்ளைகள் உச்சுக் கொட்டினார்கள். அவர் மட்டும் டீ கிளாஸை மேசையில் வைத்துவிட்டு, "அந்நேரம் டிரைவர் என்ன செஞ்சிட்டு இருந்தாரு சார்?" என்றார்.

"எனக்கு எப்படிங்க தெரியும்? நான் ரோட்டுல கெடந்தேன்."

"கண்டக்டரு?"

"தெரியாதுங்க."

"ஒங்க செருப்பு மேல வண்டிய ஏத்துனவரு?"

இரண்டே நிமிடம். என் கதையில் கதாநாயகனாக இருந்த நான், அந்த பஸ்ஸில் வந்த ஐம்பது பேரில் ஒருவன் ஆகிவிட்டேன். எனக்கு அடிபட்டதைப் பற்றி அவருக்கு வருத்தம் இல்லை என்று நினைத்துவிடாதீர்கள். டீயோடு சேர்த்து இரண்டு முறுக்கும் எடுத்துக் கொடுத்தார். ஆனால் டிரைவரைப் பற்றித் தெரியாமல் அந்த விபத்தை அவரால் ஒப்புக்கொள்ள முடியவில்லை.

அவர் என் மாணவி. வயதில் என்னைவிட ஏழெட்டு வருஷம் மூத்தவர். மூணாறு பக்கம் ஒரு தேயிலை எஸ்டேட்டில், கொழுந்து பறிக்கப் போகிற தாய்மார்கள் பிள்ளைகளை விட்டுவிட்டுப் போகும் காப்பகத்தில் இருபத்தெட்டு வருஷம் ஆயாவாக இருந்துவிட்டு, கஞ்சிக்கோட்டில் ஃபாக்டரி வேலைக்கு வந்த மகனோடு கீழே இறங்கி வந்தவர். வந்த இடத்தில் சும்மா இருக்கப் பிடிக்காமல் பள்ளிப் படிப்பை விட்டவர்களுக்கான துல்யதா பரீட்சை எழுதி, பன்னிரண்டாம் வகுப்பு முடித்ததாகச் சான்றிதழ் வாங்கி, பாலக்காட்டுக்குக் கிழக்கே இருந்த எங்கள் கல்லூரியில் தமிழ் பி.ஏ. சேர்ந்துவிட்டார். கோணி மாதிரி ஒரு பை. அதற்குள் முறுக்கு டப்பா, நோட்டு, ஒரு நீல ஸ்வெட்டர். நாற்பது டிகிரி வெயிலில் எதற்கு ஸ்வெட்டர் என்று கேட்டால், "இருக்கட்டும் சார், காலநிலைய நம்ப முடியாது" என்பார். மலையாளப் பிள்ளைகள் சேச்சி என்பார்கள், தமிழ்ப் பிள்ளைகள் அக்கா என்பார்கள். நான் வகுப்பில் பேர் சொல்லிக் கூப்பிடுவேன், வெளியே வந்ததும் அக்கா என்பேன். இரண்டுக்கும் அவர் ஒரே மாதிரிதான் திரும்பிப் பார்ப்பார்.

என்னைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் அவரே வந்து கேட்பார். நான் பொருளாதாரம் படித்தவன். கெஸ்ட் லெக்சரர். அதாவது கல்லூரிக்கு விருந்தாளி. வகுப்பு இருக்கிறவரை உட்காரலாம், வகுப்பு முடிந்தால் எழுந்து போய்விட வேண்டும். நாலு வருஷ டிகிரி வந்தபோது எங்கள் துறைக்குப் பிள்ளைகள் குறைந்து எனக்கு மணிநேரம் இல்லாமல் போனது. பிரின்சிபால் மேடம் கூப்பிட்டார். பிள்ளைகள் தங்கள் முக்கியப் பாடத்தோடு இன்னொரு பாடத்தையும் துணையாகப் படிக்க வேண்டுமாம், அதற்கு மைனர் என்று பெயராம். அதில் ஒன்று, 'நவீனத்துக்கு முந்தைய உலகம்: பண்பாடுகளின் ஊடாக'.

"வரலாற்றுத் துறையில ஆளில்லை. உங்க விண்ணப்பத்துல, ஆர்வங்கள்னு கேட்ட இடத்துல வரலாறுன்னு எழுதியிருக்கீங்களே" என்றார்.

அந்தக் கட்டம் காலியாக இருந்தால் அசிங்கமாக இருக்குமே என்று பதினோரு வருஷத்துக்கு முன்னால் இந்தக் கல்லூரிக்கு வந்தபோது நான் நிரப்பியது அது. வேறு எதையாவது எழுதித் தொலைத்திருக்கலாம். நீச்சல் என்று எழுதியிருந்தால் தண்ணீரில் தள்ளியிருப்பார்கள், சீக்கிரம் முடிந்திருக்கும்.

"பதினஞ்சு பேருக்குக் கீழ போனா பேப்பர் கிடையாது சார். முப்பதுக்கு மேல போனா ரெண்டு பேட்ச்சாப் பிரிச்சு, ரெண்டு ஆள் போடணும்" என்ற மேடம், என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு, "ரெண்டாவதைப் பத்தி நீங்க கவலைப்பட வேண்டாம்" என்றார்.

முதல் வருஷம் பதினாறு பேர் சேர்ந்தார்கள். என் வேலைக்கும் எனக்கும் நடுவே ஒரே ஒரு பிள்ளை உபரி.

என் பயத்துக்கு ஒரு நடைமுறை உண்டு. முதலில் நாக்கு காயும். அப்புறம் வயிற்றுக்குள் யாரோ நாற்காலி இழுப்பார்கள். பிறகு வலது கை விரல்கள் தாமாகவே எதையோ பிடித்து அமுக்க ஆரம்பிக்கும். முதல் வகுப்பில் மூன்றும் ஒன்றாக வந்தன. முந்தின நாள் மனப்பாடம் செய்த வாக்கியத்தைக் கண்ணை மூடிக்கொண்டு எடுத்து விட்டேன். "ஐந்தாம் நூற்றாண்டில் மேற்கு ரோமானியப் பேரரசு சரிந்தது."

முன் பெஞ்சில் ஒரு கை உயர்ந்தது. நீல ஸ்வெட்டர் மடியில்.

"சார், அந்நேரம் மூணாறுல என்ன நடந்துச்சு?"

எனக்கு ரோமே அந்த வாக்கியத்தோடு முடிந்துவிடுகிறது. மூணாறுக்கு எங்கே போவேன்? வாய்க்கு வந்ததைச் சொன்னேன். "மழை பெஞ்சிருக்குமுங்க."

வகுப்பு சிரித்தது. நான் பிழைத்தேன். அவர் சிரிக்கவில்லை. குனிந்து நோட்டில் எழுதிக்கொண்டார்.

எழுதிக்கொண்டது என்ன என்பது இன்டர்னல் பரீட்சையில் தெரிந்தது. விடைத்தாளில் கோடு போட்டு ஏழு பத்தி. ரோம், சீனா, தமிழ்நாடு, எத்தியோப்பியா என்று தலைப்பு வைத்து, ஒவ்வொன்றிலும் அந்த நூற்றாண்டில் நடந்ததைத் தெரிந்தவரை எழுதியிருந்தார். கடைசிப் பத்தி மூணாறு. அதில் ஒரே ஒரு வரி: 'மழை பெய்திருக்கும். ஆதாரம்: சார்.'

அரை மார்க் போட்டேன். மீதி அரை மார்க்குக்கு ஸ்டாஃப் ரூம் வரை வந்தார்.

"ஏன் சார் அர மார்க்க வெட்டிட்டீய?"

"அது ஆதாரம் இல்லீங்களே அக்கா. நான் சும்மா சொன்னது."

"சார் கிளாஸ்ல சும்மா சொல்லுவீயளா?"

பக்கத்து மேசையில் உட்கார்ந்திருந்த மலையாளத் துறை கெஸ்ட் லெக்சரர், தலையை விடைத்தாளுக்குள் புதைத்துக்கொண்டு குலுங்கினார். அரை மார்க்கைக் கொடுத்து அனுப்பினேன்.

அவர் நல்ல மாணவியா என்றால், சத்தியமாக இல்லை. ஏழு பத்தி போட்டால் மூன்று மணிநேரத்தில் எந்தப் பத்தியும் முடியாது. மேப் பிடிக்காது, மலையை எல்லாம் பழுப்பாக வரைந்திருக்கிறான், மலை பச்சையாகத்தானே இருக்கும் என்று சண்டை. வகுப்பு நடக்கும்போது முறுக்கு டப்பா திறக்கும் சத்தம் கேட்கும். இந்த மைனரை ஏன் எடுத்தீர்கள் என்று ஒருமுறை கேட்டேன். பழம்பெருமை, அறிவுத் தேடல், இப்படி ஏதாவது சொன்னால் மேடத்திடம் போய்ச் சொல்லலாமே என்று ஒரு நப்பாசை.

"பஸ் சார்" என்றார். "இந்தக் கிளாஸ் முடிஞ்சதும் கஞ்சிக்கோட்டுக்கு ஒரு பஸ் இருக்கு. சைக்காலஜி எடுத்தா அது போயிரும்."

ஆனால் அந்தக் கேள்வி என்னை ஓட ஓட விரட்டியது. நான் சீனாவில் மரக்கட்டையில் எழுத்தைச் செதுக்கிப் புத்தகம் அச்சடித்தார்கள் என்றால், அந்நேரம் தஞ்சாவூரில்? தஞ்சாவூரில் பெரிய கோயிலுக்குக் கல் ஏற்றிக்கொண்டிருந்தார்கள் என்றால், அந்நேரம் உலகத்தின் வடகோடியில் இருந்த கடலோடிகள்? அவர்கள் மரப்படகில் கடலைத் தாண்டி, பிற்பாடு அமெரிக்கா என்று பெயர் வைக்கப்போகிற கரையில் குளிரில் நடுங்கிக்கொண்டிருந்தார்கள். ஒரு பாடத்துக்கு ஐந்து நாடு படிக்க வேண்டியிருந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்கக் கட்டிலில் புத்தகங்களைப் பரப்பிக்கொண்டு மங்கோலியர்களோடு ஆசியாவைச் சுற்றினேன். குளிக்கவில்லை, சாப்பாட்டு நினைவே இல்லை. திங்கட்கிழமை அதைப் பெருமையாக அவரிடம் சொன்னேன்.

"அந்நேரம் ஒங்க வீட்டம்மா என்ன செஞ்சிட்டு இருந்தாவ?"

வீட்டுக்குப் போய்க் கேட்டேன்.

"மூணு வாட்டி சோறுண்ணக் கூப்புட்டேன்" என்றாள் என் மனைவி. "நாலாவது வாட்டி கூப்புடறதுக்குப் பதிலா நான் உண்டுபோட்டு, அக்கா ஊட்டுக்குப் போயி, ஒரு கல்யாணப் பேச்சு முடிஞ்சு, திரும்பி வந்தேன். நீங்க கட்டில்லயே இருந்தீங்க. ஏன், இப்ப என்னத்துக்குக் கேக்கறீங்க?"

பரீட்சைக்கு வரும் என்றேன்.

என் விரல் விஷயத்தையும் அவர்தான் கண்டுபிடித்தார். "சார், நீங்க பயந்தா கையில யாருகூடவோ பேசுதீய" என்றார். வேறு யாராவது சொல்லியிருந்தால் மறுத்திருப்பேன். என் அப்பா வேலந்தாவளம் சந்தையில் மாட்டுத் தரகர். அந்தக் காலத்தில் சந்தையில் விலையை வாயால் சொல்ல மாட்டார்கள். வாங்குகிறவர் கையையும் விற்கிறவர் கையையும் ஒரு துண்டால் மூடி, உள்ளே விரலைப் பிடித்து அமுக்கிப் பேசுவார்கள். ஒரு விரலுக்கு ஒரு கணக்கு, விரலின் கணுவுக்கு ஒரு கணக்கு. சுற்றி நூறு பேர் நின்றாலும் துண்டுக்கு வெளியே எதுவும் வராது. வாய் மட்டும் மழையைப் பற்றியும் மச்சான் வீட்டுக் கல்யாணத்தைப் பற்றியும் பேசிக்கொண்டிருக்கும். சின்ன வயதில் அப்பா எனக்கு அதைக் கற்றுக் கொடுத்தார். மாடு வாங்க எனக்குத் தைரியம் வரவில்லை. விரல் மட்டும் நினைவு வைத்துக்கொண்டது.

அக்கா முழுக்கக் கேட்டார். கேட்டுவிட்டு, எதிர்பார்த்தபடியே, "அந்நேரம் மாடு என்ன செய்யும்?" என்றார்.

"அசை போடுமுங்க."

"சரி. அந்நேரம் வேற ஊர்ல எல்லாம் எப்படி வெல பேசுனாங்க?"

அந்தக் கேள்விக்காக நூலகத்தில் நான்கு நாள் உட்கார்ந்தேன். ஐந்நூறு வருஷத்துக்கு முன்னால் கோழிக்கோட்டுக்கு வந்த ஒரு வெளிநாட்டுப் பயணி, வியாபாரிகள் துணிக்குள் கையை விட்டு விரல் பிடித்துப் பேரம் பேசியதைப் பார்த்து வாய் பிளந்து எழுதி வைத்திருந்தான். வளைகுடாவில் முத்து வியாபாரிகளுக்கும் இதே வழக்கம் இருந்திருக்கிறது. பாஷை தெரியாதவனோடு பேச இதைவிட நல்ல பாஷை கிடையாது. அன்றைக்கு வகுப்புக்கு நான் ஓடினேன். பயத்தில் ஓடியது இல்லை. இருபது வருஷ வாத்தியார் வேலையில் அதுதான் முதல் தடவை. என் அப்பாவின் அழுக்குத் துண்டு, கடல் தாண்டி முத்துக் குளிக்கிற ஊர் வரை நீண்டு கிடந்தது.

'அந்நேரம்' என்று கேட்கிற பழக்கம் அக்காவுக்கு எங்கிருந்து வந்தது என்பது ஒரு சண்டையில் தெரிந்தது. ஒரு தமிழ்ப் பையனும் மலையாளப் பெண்ணும் யார் மொழி பழசு என்று வகுப்பிலேயே கத்திக்கொண்டார்கள். நான் வாத்தியார் என்ற முறையில் ஜன்னல் வழியாக வெளியே பார்த்தேன். அவர் எழுந்து போர்டுக்குப் போனார். நீளமாக ஒரு கோடு போட்டார். கோட்டிலிருந்து தொங்குகிற மாதிரி வரிசையாக ஏழெட்டுத் தொட்டில் வரைந்தார்.

"இது எங்க எஸ்டேட்டு காப்பகம். இது உத்தரம். எல்லாத் தொட்டிலும் இந்த ஒத்த உத்தரத்துல தான் தொங்குது. நான் போன முத வருஷம், ஒரு பிள்ள அழுதா அதுகிட்ட ஓடுவேன். பழைய ஆயா ஏசுனா. கத்துத பிள்ளைக்கு ஒண்ணும் ஆகாதுட்டீ, கத்தாததப் போயிப் பாருன்னா. ஒருநா ஒரு பய வீடு இடிஞ்சா மாதிரி கத்துதான். நான் அவனத் தூக்கல. மத்ததுகளத் திரும்பிப் பார்த்தேன். மூலையில ஒரு பொட்டப்பிள்ள சத்தமே இல்லாம உக்காந்திருக்கு, மொகம் நீலமா. தொண்டையில சட்டப் பொத்தான்."

கத்திக்கொண்டிருந்த பையன் தன் சட்டைப் பொத்தானைத் தடவிப் பார்த்துக்கொண்டான்.

"கவுத்திப் போட்டு முதுகுல தட்டி எடுத்துட்டேன். இப்ப மூணாறுல ஜீப்பு ஓட்டுதா. பயங்கரமா ஓட்டுதா, அது வேற விசயம்." எல்லாரும் சிரித்தார்கள். அவர் சாக்பீஸால் தொட்டில்களைத் தட்டினார். "புஸ்தகத்துல இருக்கிற ராசா எல்லாம் கத்துன பிள்ளைங்கதான். கல்லுல கத்துனான், செம்புல கத்துனான். நம்ம ரெண்டு பேரும் எதுக்குக் கத்தணும்? கத்தாதது எதுன்னு பார்ப்போம்."

பையனும் பெண்ணும் உட்கார்ந்தார்கள். நான் ஜன்னலிலிருந்து திரும்பி, "ஆமாங்க, அதைத்தான் நானும் சொல்ல வந்தேன்" என்றேன்.

இரண்டாம் வருஷம் ஜூன் மாதம் வந்தது. புதுப் பிள்ளைகள் தங்களுக்கான மைனரைத் தேர்ந்தெடுக்கும் நாள். ஒவ்வொரு மைனர்காரரும் செமினார் ஹாலில் பத்து நிமிஷம் பேசி ஆள் பிடிக்க வேண்டும். சந்தைதான், மாடு நாங்கள். பதினைந்து பேர் கிடைக்காவிட்டால் நான் அந்த வாரமே வீட்டுக்குப் போக வேண்டும். மனைவியிடம், "உங்கக்கா ஊட்டுல மாவு மில்லுக்கு ஆள் வேணும்னாங்களே" என்று முன்கூட்டியே கேட்டு வைத்தேன். "உங்களுக்கு மாவுன்னா தும்மல் வருமே" என்றாள். அந்த வழியும் அடைபட்டது.

அன்று காலை மூன்று டீ குடித்தேன். பென் டிரைவைக் காணாமல் ஸ்டாஃப் ரூமையே புரட்டிப் போட்டேன். மலையாளத் துறைக்காரர் பதறாமல் என் சாப்பாட்டு டப்பாவைத் திறந்து, எலுமிச்சை சாதத்துக்குள்ளிருந்து அதை எடுத்துக் கொடுத்தார். அவருக்கும் அன்றைக்கு அதே தேர்வு. வட்டெழுத்து, கிரந்தம் என்று பழைய எழுத்துகளைப் படிக்கச் சொல்லித் தருகிற மைனர் அவருடையது. அவரும் என்னைப் போல விருந்தாளிதான். ஆனால் மனிதர் அலட்டிக்கொள்ளவே மாட்டார். எதைக் கேட்டாலும் "நோக்காம் சாரே" என்பார். பார்த்துக்கொள்ளலாமாம். அவருக்கு நரம்பே கிடையாது என்பது என் முடிவு.

நாற்பத்திரண்டு ஸ்லைடோடு மேடை ஏறினேன். முதல் ஸ்லைடு திரையில் விழுந்தது. கரண்டு போனது. இருநூறு முகங்கள் என்னைப் பார்த்தன. நாக்கு காய்ந்தது. நாற்காலி இழுபட்டது. விரல்கள் காற்றைப் பிடித்து அமுக்கத் தொடங்கின.

பின்வரிசையிலிருந்து ஒரு குரல். "சார், அந்நேரம் மாடு என்ன செஞ்சுச்சு?"

ஹால் முழுக்கத் திரும்பிப் பார்த்தது. நீல ஸ்வெட்டர்.

"அசை போட்டுச்சுங்க" என்றேன். சொன்னதும் எனக்கு எல்லாம் வந்துவிட்டது. தோளில் கிடந்த துண்டை எடுத்தேன். பயத்தில் வேர்க்கும் என்று கொண்டு வந்தது. ஒரு பையனையும் ஒரு பெண்ணையும் மேடைக்கு அழைத்து, கையைத் துண்டால் மூடி, பேசாமல் விலை பேசச் சொன்னேன். நானே மாடாக நின்றேன். வேலந்தாவளத்திலிருந்து கோழிக்கோடு, கோழிக்கோட்டிலிருந்து வளைகுடா, அந்நேரம் சீனாவில், அந்நேரம் கெய்ரோவில் என்று கரண்டு இல்லாத ஹாலில் உலகத்தைச் சுற்றினேன். பிள்ளைகள் பெஞ்சில் தட்டினார்கள். நான் இன்னொரு ஜோடியைக் கூப்பிட்டேன். இன்னும் ஒன்று. இறங்கவே மனமில்லை.

எனக்கு அடுத்து மலையாளத் துறைக்காரர் ஏறினார். முன் பெஞ்சுப் பெண்ணின் பெயரைக் கேட்டு, அதை வட்டெழுத்தில் போர்டில் எழுத ஆரம்பித்தார். பாதிப் பெயரில் சாப்பாட்டு மணி அடித்தது. பிள்ளைகள் எழுந்து போனார்கள். அவர் மீதிப் பெயரையும் எழுதி முடித்துவிட்டுத்தான் சாக்பீஸை வைத்தார்.

மறுநாள் நாலு மணிக்கு ஃபோனில் பட்டியல் வந்தது. நான் அதைத் திறக்கவில்லை. நூலக வராந்தாவில் உட்கார்ந்து, ஃபோனை அவரிடம் நீட்டி, கண்ணை மூடிக்கொண்டேன்.

"படிங்கக்கா."

"சைக்காலஜி, நாப்பத்தெட்டு."

"நம்முளதப் படிங்க."

"வருது சார். உணவுத் தொழில்நுட்பம், முப்பத்தொம்பது. சுற்றுலா, நாப்பது."

"அக்கா, எனக்கு நெஞ்சு அடைக்குதுங்க."

"அடைச்சா பேச்சு வராது சார். நீங்க பேசுதீயல்லா. இதழியல், இருபத்தாறு. பழைய எழுத்துகள்..." முறுக்கு டப்பாவை மூடும் சத்தம் கேட்டது. "நாலு."

"அக்கா."

"நவீனத்துக்கு முந்தைய உலகம், இருபத்தொம்பது."

நான் செய்ததை எல்லாம் இங்கே எழுதினால் என் மகள் படிப்பாள். சுருக்கமாகச் சொன்னால், வராந்தாவில் இருந்த தண்ணீர் கூலரைக் கட்டிப் பிடித்தேன். மனைவிக்குப் போன் செய்து மாவு மில்லில் வேறு ஆளைப் போடச் சொன்னேன். அப்புறம் அவர் கையைப் பிடித்துக் குலுக்கலாம் என்று திரும்பினால், அவர் இல்லை. பெஞ்சில் முறுக்குத் துகள் மட்டும் கிடந்தது.

வராந்தாவின் அந்தக் கடைசித் தூணுக்குப் பக்கத்தில் மலையாளத் துறைக்காரர் உட்கார்ந்திருந்தார். கையில் டீ கிளாஸ். நிதானமாக வாய்க்குக் கொண்டு போவார், இறக்குவார், மறுபடி கொண்டு போவார். கிட்டே போனபோதுதான் பார்த்தேன், கிளாஸ் காலி. அது காலியாகி எவ்வளவு நேரம் ஆகியிருக்கும் என்று தெரியவில்லை. அக்கா அவருக்குப் பக்கத்தில் உட்கார்ந்து முறுக்கு டப்பாவைத் திறந்து வைத்திருந்தார்.

நான் அவ்வளவு நேரமும் கத்திக்கொண்டிருந்தேன். சத்தம் வராத தொட்டில் இங்கே இருந்தது.

"சார்" என்றார் அக்கா, என்னைப் பார்க்காமலே. "நேத்து மேடையில எவ்வளவு நேரம் பேசுனீய?"

"பத்து நிமிஷமுங்க."

"பதினெட்டு. அந்நேரம் இவரு கடைசி பெஞ்சுல உக்காந்து கடிகாரத்தப் பார்த்துக்கிட்டு இருந்தாரு."

"சாரமில்ல சாரே" என்றார் அவர். பரவாயில்லையாம். "உங்க கிளாஸ் நல்லா இருந்தது. எனக்கே அதுல சேரலாம்னு தோணுச்சு."

எனக்குப் புதுவிதமான பயம் ஒன்று வந்தது. நாக்கு காயவில்லை, வயிறு பேசவில்லை, விரல் அசையவில்லை. வெறுமனே காது சூடானது. என் காலை நானே மிதித்துக்கொண்டு நின்றேன்.

"சார், இருபத்தொம்பதும் நாலும் எவ்வளவு?" என்றார் அக்கா.

"முப்பத்துமூணு." கணக்கு வகுப்பில் எழுப்பி நிறுத்திய பிள்ளை மாதிரி சொன்னேன்.

"முப்பதுக்கு மேல போனா மேடம் என்ன செய்யணும்னதாச் சொன்னீய?"

எனக்குப் புரிய ஒரு முறுக்கு தின்னும் நேரம் ஆனது. பொருளாதாரம் படித்தவன். அவர் எல்லாத் துறையின் எண்ணிக்கையையும் வரிசையாக வாசித்தபோது என்னைச் சித்திரவதை செய்கிறார் என்றுதான் நினைத்திருந்தேன்.

மூவரும் பிரின்சிபால் அறைக்குப் போனோம். போனோம் என்பது மரியாதைக்கு. நான் ஓடினேன், அவர்கள் நடந்து வந்தார்கள். பழைய எழுத்துகளில் சேர்ந்த நாலு பிள்ளைகளும் எங்கள் மைனருக்கு வந்துவிட்டால் முப்பத்துமூன்று. இரண்டு பேட்ச். இரண்டாவது ஆள் இவர். பழைய உலகத்தைப் படிக்க அந்த உலகத்து எழுத்து வேண்டாமா, இரண்டு பேட்ச்சுக்கும் எழுத்துப் பாடத்தை இவரே எடுப்பார். இதைச் சொல்லி முடிப்பதற்குள் எனக்கு இரண்டு தடவை விக்கல் வந்தது.

மேடம் விதிமுறைக் காகிதத்தை எடுத்து இரண்டு முறை படித்தார். கண்ணாடியைக் கழற்றினார்.

"ரெண்டாவதைப் பத்திக் கவலைப்பட வேண்டாம்னு சொன்னேன்."

"சொன்னீங்க மேடம்."

"இந்தக் கணக்கை யார் போட்டது?"

"எங்க மைனர் மாணவிங்க. பஸ்ஸுக்குத் தோதா இருக்குன்னு சேர்ந்தவங்க."

மேடம் சிரிப்பை அடக்கிக்கொண்டு கையெழுத்துப் போட்டார். நாலு பிள்ளைகளும் மறுநாளே வந்து சேர்ந்தார்கள். அந்த வருஷம் எங்கள் மைனர் நடந்த கூத்தைக் கேட்டால் நீங்களும் சேர்ந்திருப்பீர்கள். ஒரு கல்வெட்டின் படத்தை மலையாளத் துறைக்காரர் எழுத்துக் கூட்டிப் படிப்பார், அந்நேரம் வேறு நாடுகளில் என்ன என்று நான் சொல்வேன், நாங்கள் சொன்ன இரண்டிலும் விட்டுப்போனதை, தன் வகுப்பு இல்லாத நேரத்தில் வந்து உட்காரும் அக்கா முன் பெஞ்சிலிருந்து கேட்பார். மனிதருக்கு நரம்பு உண்டு என்பதும் தெரிந்தது. ஒவ்வொரு வகுப்புக்கு முன்னாலும் காலி கிளாஸில் டீ குடிப்பார். பார்த்தால் நான் போய் நிரப்பிக்கொண்டு வருவேன்.

இரண்டாம் வருஷப் பரீட்சை முடிந்ததும் அக்கா மேலே மூணாறுக்கே போய்விட்டார். எஸ்டேட்டில் இருந்த மகளுக்குப் பிள்ளை பிறந்திருந்தது. மீதிப் படிப்பை அங்கே ஒரு கல்லூரிக்கு மாற்றிக்கொண்டார். பாலக்காடு பஸ் ஸ்டாண்டில் உடுமலை வழியாக மூணாறு போகும் பஸ்ஸில் ஏற்றிவிடப் போயிருந்தேன். தார் உருகுகிற வெயில். ஜன்னல் சீட்டில் உட்கார்ந்ததும் பையைத் திறந்து, இரண்டு வருஷமாக மடித்தே பார்த்த நீல ஸ்வெட்டரை எடுத்துப் போட்டுக்கொண்டார். பக்கத்து சீட்டுக்காரர் அவரை ஒரு மாதிரிப் பார்த்துவிட்டு நகர்ந்து உட்கார்ந்தார்.

விரல்கள் அசைய ஆரம்பித்தன. வாய்க்கு வந்ததைக் கேட்டேன்.

"ஏனுங்கக்கா, இந்நேரம் மூணாறுல என்ன நடக்குதுங்க?"

அவர் ஸ்வெட்டர் கையை மணிக்கட்டு வரை இழுத்து விட்டுக்கொண்டார்.

"மழை பெஞ்சிட்டு இருக்கும் சார்." பஸ் கிளம்பியது. ஜன்னலுக்கு வெளியே கையை நீட்டி, காற்றில் எழுதிக் காட்டினார். "எழுதிக்கிடுங்க."

காகிதம் இல்லை. உள்ளங்கையில் எழுதிக்கொண்டேன். 'மூணாறு: மழை. ஆதாரம்: அக்கா.'

முழு மார்க் போட்டேன்.